விண்மீனைத் தட்டிப் பார்த்தல்

சென்னை நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792 என்ற ஆண்டும் தமிழ், தெலுங்கு எழுத்துகளும் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் வானாய்வகத்தில் தொலைநோக்கியைத் தாங்குவதற்காக நட்ட தூண் அது. அந்த வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ரெட்டிகுலம் என்ற தென்வானக் குழுவில் ஒரு விண்மீனின் ஒளி ஏறி இறங்குவதைக் கண்டறிந்தார். சென்னையிலிருந்து பார்த்தால் அந்த மீன் உச்சத்துக்கு வரும் நேரத்திலும் அடிவானத்திலிருந்து 14 பாகைக்கு மேல் ஏறாது. கையை நீட்டி விரலை விரித்துப் பிடித்தால் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும் உயரம். கடலோர ஊரின் புழுக்கமும் மங்கலும் படிந்த அந்தத் தாழ்வான வானத்தில் ஒரு மீன் முன்பைவிட மங்கியிருக்கிறது என்று பிடித்துச் சொல்வது லேசுப்பட்ட காரியம் அல்ல.

ரகுநாதாச்சாரியின் பெயர் நம்மிடையே நிலைத்தது இன்னொரு காரணத்துக்காக. பஞ்சாங்கம் சொல்லும் இடத்தில் கிரகம் வானத்தில் இல்லையென்றால் கணக்கைத்தான் திருத்தவேண்டும் என்று வாதாடி, திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டவர் அவர். திருக் என்றால் பார்வை. கண்டதோடு ஒத்துப்போகும் கணிதம் திருக்கணிதம். கிரகங்களுக்கு அது சரி. விண்மீனின் வயிற்றுக்குள் நடப்பதற்கு அப்படியொரு திருக்கணிதம் வரும் என்று அவர் காலத்தில் யாரும் நினைத்திருக்க முடியாது. கண் எட்டாத இடத்தில் எதைக் கண்டு எதைத் திருத்துவது? கடந்த அறுபது ஆண்டுகளில் அந்தப் பார்வை கிடைத்துவிட்டது. அதைக் கொடுத்தது விண்மீன்களின் துடிப்பு. அந்தத் துடிப்பு நமக்கு எதையெல்லாம் சொல்லியிருக்கிறது, அதில் எதை எவ்வளவு நம்பலாம், கணக்கு எங்கெல்லாம் இடறி நிற்கிறது என்பதை ஒருமுறை தொகுத்துப் பார்க்க இதுவே தக்க சமயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அளவுகோலாக மட்டும் பார்த்த காலம்

துடிக்கும் மீன்களில் முதலில் பதிவானது மீரா. 1596-இல் டேவிட் ஃபாப்ரிசியஸ் என்ற பாதிரியார் திமிங்கில விண்மீன் குழுவில் அதைக் குறித்தார். சுமார் 332 நாளுக்கு ஒருமுறை அது கண்ணுக்குத் தெரிந்து, பிறகு கண்ணுக்கு எட்டாமல் மங்கும். 1784-இல் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் இரண்டு நண்பர்கள் ஆளுக்கொரு மீனைக் கண்டார்கள்: எட்வர்ட் பிகாட் ஈட்டா அக்விலேயை, ஜான் குட்ரிக் டெல்டா செஃபேயை. குட்ரிக்குக் காது கேட்காது, வயது இருபது. அவர் கண்ட மீன் 5 நாள் 9 மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் ஏறி இறங்குகிறது. சட்டென்று ஏறி, மெல்ல இறங்கும். இருபத்தொரு வயதில் குட்ரிக் இறந்துபோனார். அந்த மீனின் பெயரால்தான் அந்த வகை முழுவதையும் இன்று செபீடுகள் என்கிறோம்.

1912-இல் ஹார்வர்டில் ஹென்ரியட்டா லீவிட், சிறிய மெகல்லன் மேகத்திலுள்ள 25 செபீடுகளை வரிசைப்படுத்தி, நீண்ட நேரம் எடுத்துத் துடிப்பவை அதிக ஒளியுள்ளவை என்று காட்டினார். துடிப்பு நேரத்தை அளந்தால் உண்மையான ஒளி தெரியும். உண்மையான ஒளி தெரிந்தால் தொலைவு தெரியும். 1923-இல் எட்வின் ஹப்பிள் ஆந்திரமேதாவில் ஒரு செபீடைக் கண்டு, அது நம் பால்வெளிக்கு வெளியே இருக்கும் தனி அண்டம் என்று நிலைநாட்டியது இந்தக் கருவியைக் கொண்டுதான். இன்று பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் செபீடுகள் வழியாக அளப்பவர்களுக்கு 73 என்றும், ஆதி நுண்ணலைப் பின்னணியிலிருந்து கணிப்பவர்களுக்கு 67 என்றும் வருகிறதே, அந்த வழக்கிலும் முதல் சாட்சி செபீடுகளே.

பாடநூல்களில் துடிக்கும் மீன்களின் கதை பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். எனக்கு இதில் குறை உண்டு. அளவுகோல் எதனால் ஆனது என்று கேட்காமல் அளந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு அதே வரலாற்றில் சான்று இருக்கிறது. 1952-இல் வால்டர் பாடே, செபீடுகள் ஒரே வகை அல்ல, இளையவை, முதியவை என்று இரண்டு வகை கலந்திருக்கின்றன என்று காட்டினார். ஆந்திரமேதாவின் தொலைவு ஒரே அடியில் ஏறக்குறைய இருமடங்காயிற்று. முப்பது ஆண்டுகளாக எல்லாரும் நம்பிய எண் அது. மீனின் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வியை ஒத்திப்போட்டதற்குக் கொடுத்த விலை.

கொதிக்கும் பானையின் மூடி

முதலில், ஒரு மீன் ஏன் துடிக்கிறது? இரண்டு மீன்கள் ஒன்றையொன்று சுற்றுவதால்தான் செபீடின் ஒளி மாறுகிறது என்று நெடுநாள் நம்பினார்கள். 1914-இல் ஹார்லோ ஷேப்லி அதை மறுத்தார். சுற்றும் கணக்கைப் போட்டுப் பார்த்தால் துணை மீன் முதன்மை மீனின் உடம்புக்குள்ளேயே சுற்றவேண்டி வருகிறது. அது நடக்காது. ஆகவே மீனே உப்பிச் சுருங்குகிறது என்றார்.

ஆனால் ஊஞ்சலை ஒருமுறை ஆட்டிவிட்டால் சற்று நேரத்தில் நின்றுவிடும்; ஆடிக்கொண்டே இருக்க யாராவது தள்ளவேண்டும். டெல்டா செஃபேயைத் தள்ளுவது எது? ஆர்தர் எடிங்டன் சொன்ன விடை நம் அடுப்படியில் இருக்கிறது. சோறு கொதிக்கும்போது மூடி ஆவியை அடைக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறி மூடியைத் தூக்குகிறது. ஆவி வெளியேறியதும் மூடி விழுகிறது. மறுபடி அடைக்கிறது. நெருப்பு ஒரே சீராகத்தான் எரிகிறது. மூடிதான் அதைத் தாளமாக மாற்றுகிறது. மீனுக்குள்ளும், சுருங்கும்போது வெப்பத்தை அடைத்து விரியும்போது திறந்துவிடும் மூடி ஒன்று இருக்கவேண்டும் என்றார் எடிங்டன். அந்த மூடி எதனால் ஆனது என்பது பிடிபடாமலே இருந்தது.

1950-களில் சோவியத் ஒன்றியத்தின் செர்கேய் ஷெவாகின் அதை அடையாளம் காட்டினார். ஹீலியம். செபீடின் மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே, வெப்பம் சுமார் 40,000 கெல்வினை எட்டும் அடுக்கில், ஒரு எலக்ட்ரானை ஏற்கெனவே இழந்த ஹீலியம் இரண்டாவதையும் இழக்கும் நிலையில் இருக்கிறது. பொதுவாக வாயுவை நெருக்கினால் சூடேறும், சூடேறிய வாயு ஒளியை எளிதாக வெளியே விடும். இந்த அடுக்கில் மட்டும் நெருக்கும் ஆற்றல் எலக்ட்ரானைப் பிய்ப்பதில் செலவாகிவிடுகிறது. வெப்பம் அவ்வளவாக ஏறாமல் அடர்த்தி மட்டும் ஏறுவதால் ஒளி ஊடுருவுவது கடினமாகிறது. அடியிலிருந்து வரும் வெப்பம் அங்கே மாட்டிக்கொள்கிறது, அழுத்தம் ஏறி அடுக்கைத் தூக்குகிறது. விரிந்ததும் எலக்ட்ரான்கள் திரும்ப ஒட்டிக்கொள்கின்றன. மூடி திறக்கிறது.

மூடி சரியான ஆழத்தில் இருந்தால்தான் வேலை நடக்கும். மிகச் சூடான மீனில் அந்த அடுக்கு மேற்பரப்பை ஒட்டி வந்துவிடும்; அங்கே தூக்குவதற்குப் போதிய பொருள் இராது. குளிர்ந்த மீனில் அது ஆழத்துக்குப் போகும். அங்கே வெப்பச்சலனம் மூடியைப் பொருட்படுத்தாமல் வெப்பத்தைக் கடத்திவிடும். ஆகவே வெப்பத்தையும் ஒளியையும் கொண்டு மீன்களை வரைபடத்தில் குறித்தால், இப்படித் துடிப்பவை ஒரு குறுகிய பட்டையில் வரிசையாக நிற்கின்றன. நமது திருவோண மீன் அந்தப் பட்டையின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. நிலைபேற்றுக்கு உவமையாகச் சொல்லும் துருவ நட்சத்திரமும் ஒரு செபீடுதான். நான்கு நாளுக்கு ஒருமுறை துடிக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் அதன் துடிப்பு வெகுவாக அடங்கி, பிறகு மீண்டும் கொஞ்சம் எழுந்திருக்கிறது. ஏன் என்பதற்கு எல்லாரும் ஒப்பும் விளக்கம் இல்லை. சித்திரை மீனிலும் நான்கு மணி நேரத் துடிப்பு ஒன்று இருந்தது. 1970-களில் அது கண்ணுக்கு அகப்படாமல் போய்விட்டது.

பானையும் மிருதங்கமும்

சந்தையில் மண்பானை வாங்குபவர் அதைக் கையில் தூக்கி விரல்முட்டியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் பணம் எடுப்பார். மொத்தென்றால் விரிசல், கீழே வைத்துவிடுவார். உடைத்துப் பார்க்கவேண்டிய தேவையே வராது. விண்மீன் அதிர்வியலின் அடிப்படை இந்த அளவுக்கு எளியது.

ஒரே ஒரு ஓசையிலிருந்து தெரிவது சராசரி அடர்த்தி. அடர்த்தி நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் துடிப்பு நேரம் இரண்டு மடங்காகும். பூமியளவே இருந்து சூரியனில் பாதிக்கு மேல் நிறை கொண்ட வெண்குறுமீன் மிக விரைவாகத் துடிக்கிறது. செவ்வாயின் பாதையளவுக்கு உப்பிய மீரா வகை மீன் துடிக்க ஓராண்டு ஆகிறது. ரகுநாதாச்சாரி கண்ட ஆர் ரெட்டிகுலியும் மீரா வகைதான், சுமார் ஒன்பது மாதத் துடிப்பு.

பல ஓசைகள் ஒன்றாகக் கிடைத்தால் இன்னும் ஆழமாகப் போகலாம். இதற்கு மிருதங்கத்தைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அதன் மேலோசைகள் ஒன்றோடொன்று இசையாது, இரைச்சலாகத்தான் கேட்கும். வலந்தலையின் நடுவில் பூசும் கருநிறக் கரணை அந்த மேலோசைகளை இழுத்துச் சுருதிக்குக் கொண்டுவருகிறது. 1920-இல் சி.வி. ராமன் இதை ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். கரணை இருப்பது நடுவில். வித்வான் தட்டிச் சுருதி பார்ப்பது விளிம்பில். நடுவில் ஏற்றிய கனம் விளிம்பில் எழும் ஓசையில் கேட்கிறது. கரணை தேய்ந்துவிட்டால் தோலைப் பார்க்காமலே அவருக்குத் தெரியும்.

விண்மீனும் அப்படியே. அது ஒரே சமயத்தில் பல பாங்குகளில் அதிரக்கூடும்: முழுதாக உப்பிச் சுருங்குவது ஒன்று, ஒரு பாதி உப்பும்போது மறுபாதி சுருங்குவது ஒன்று, மேற்பரப்பு பூசணிக் கீற்றுபோலப் பிரிந்து மாறி மாறி அசைவது ஒன்று. உள்ளே போகப் போக வெப்பம் ஏறுவதால் ஒலியின் வேகம் கூடுகிறது. சாய்வாகக் கீழிறங்கும் அலை வளைந்து வளைந்து ஓர் ஆழத்தில் திரும்பி மேலே வந்துவிடும். சில அலைகள் தோலுக்கடியிலேயே திரும்பும், சில மையம்வரை போய் வரும். எல்லாவற்றின் அதிர்வெண்ணையும் ஒப்பிட்டால் அடுக்கடுக்காக உரித்துப் பார்க்கலாம். உள்ளே ஓரிடத்தில் சிறு மாற்றம் செய்தால் ஒவ்வோர் அதிர்வெண்ணும் எவ்வளவு நகரும் என்று கணக்கிட ஒரு பொது விதி வேண்டும். அதற்கான மாறுபாட்டுக் கோட்பாட்டை 1964-இல் வகுத்துத் தந்தவர்களில் முதன்மையானவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். வெண்குறுமீனின் எடை எல்லைக்காக அவரைக் கொண்டாடும் நாம் இந்தப் பணியை அதிகம் பேசுவதில்லை.

சூரியனில் ஐந்து நிமிடம்

1960-இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் ராபர்ட் லேட்டனும் அவர் குழுவினரும் சூரிய மேற்பரப்பின் ஏற்ற இறக்கத்தை டாப்ளர் முறையில் அளந்தபோது, எங்கு பார்த்தாலும் ஐந்து நிமிடத் தாளம் தெரிந்தது. மேற்பரப்பில் எழும் வெறும் சலசலப்பு என்றுதான் பத்தாண்டுகள் எண்ணியிருந்தார்கள். 1970-இல் ரோஜர் உல்ரிக்கும், அடுத்த ஆண்டு ஜான் லீபாகர், ராபர்ட் ஸ்டைன் இருவரும், அது சூரியனுக்குள் அடைபட்டு எதிரொலிக்கும் ஒலி என்றார்கள். 1975-இல் ஜெர்மானியரான டாய்ப்னரின் அளவீடு அதை உறுதிசெய்தது.

சூரியனில் செபீடின் மூடி இல்லை. மேற்பரப்புக்கடியில் கொதிக்கும் வாயுவின் இரைச்சலே ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. மணல் மழை பெய்தால் வெண்கல உருளி தானாகவே முனகிக்கொண்டிருக்குமே, அதுபோல. பல லட்சம் பாங்குகள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் மேற்பரப்பை நொடிக்கு 20 செ.மீ. வேகத்துக்கு மேல் அசைப்பதில்லை. நடந்து போகிறவரின் வேகத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத அசைவு. அதைப் பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளியிருந்து அளக்கிறோம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கண்ணை எடுக்கக் கூடாது. மாலையில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால், விட்டுப்போன இரவு கணக்கில் பொய்த் தாளங்களை நுழைத்துவிடும். ஆகவே 1995-இல் உலகைச் சுற்றி ஆறு இடங்களில் ஒரே மாதிரிக் கருவிகளை வைத்தார்கள். ஒன்றில் பொழுது சாயும்போது அடுத்ததில் விடிந்திருக்கும். அந்த ஆறில் ஒன்று நம் உதய்பூர். அதே ஆண்டு டிசம்பரில் சூரியனை நோக்கும் சோஹோ விண்கலமும் ஏவப்பட்டது.

கிடைத்த விளைச்சல் பெரிது. சூரியனின் வெளிப்பகுதியில் வெப்பச்சலனம் எதுவரை நடக்கிறது? மையத்திலிருந்து ஆரத்தில் 0.713 பங்கு உள்ள இடம்வரை. இதை ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் சொன்னவர்கள் சர்பானி பாசுவும் எச்.எம். அந்தியாவும், பாசு சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளநிலை இயற்பியல் படித்தவர். மேற்பகுதியில் நிறையில் சுமார் 25 விழுக்காடு ஹீலியம் என்றும் தெரிந்தது. பிறந்தபோது இருந்தது சுமார் 27. மீதி மெல்ல மெல்ல உள்ளே இறங்கி இருக்கிறது. நடுக்கோட்டில் 25 நாளிலும் துருவங்களை ஒட்டி ஏறத்தாழ 35 நாளிலும் சூரியன் சுற்றுவது முன்பே தெரியும். இந்த வேறுபாடு வெப்பச்சலன அடுக்கின் அடிவரை அப்படியே நீடிக்கிறது. அதற்குக் கீழே ஒரு மெல்லிய அடுக்கைத் தாண்டியதும் சூரியன் கல்லுருண்டைபோல ஒரே வேகத்தில் சுற்றுகிறது. கோட்பாட்டாளர்கள் எதிர்பார்த்தது வேறு. அச்சுக்கு இணையான உருளைகளாகச் சுழற்சி அமைந்திருக்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள்.

திருக்கணிதம் என்று சொன்னேனே, அதன் மிகச் சிறந்த தருணமும் சூரியனிலேயே நிகழ்ந்தது. மையத்தில் நடக்கும் அணுக்கருச் சேர்க்கையிலிருந்து வரவேண்டிய நியூட்ரினோக்களில் மூன்றில் ஒரு பங்குதான் பூமியில் அகப்பட்டது. சூரியனின் மையம் நாம் நினைப்பதைவிடக் குளிர்ந்தது என்று சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் சிக்கல். ஒலி அதற்கு இடம் கொடுக்கவில்லை. உட்பகுதியில் ஒலியின் வேகம் கணக்கோடு கச்சிதமாக ஒத்துப்போனதால், சூரிய மாதிரி சரி, நியூட்ரினோவைப் பற்றிய அறிவுதான் பிழை என்று அதிர்வியலாளர்கள் உறுதியாக நின்றார்கள். 2001, 2002 ஆண்டுகளில் கனடாவின் சட்பரி ஆய்வகம், நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறிவிடுகின்றன என்று காட்டியது.

அந்தப் பெருமிதம் ஆறுவதற்குள் இன்னொன்று வந்தது. சூரியனின் நிறமாலையை நுட்பமாக மறுபடி ஆராய்ந்த மார்ட்டின் ஆஸ்ப்லண்ட் குழுவினர், சூரியனில் ஆக்சிஜன் நாம் நினைத்ததைவிடக் கணிசமாகக் குறைவு என்றார்கள். அந்தப் புதிய அளவைப் போட்டுக் கணக்கிட்டால் ஒலியின் வேகமும் இடறுகிறது, 0.713 என்ற எல்லையும் நகர்ந்துவிடுகிறது. ஆக்சிஜன் அளவு தவறா, அல்லது ஒளிபுகாமைக் கணக்கு தவறா? 2015-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் சூரிய உட்புறத்தை ஒத்த நிலையை உருவாக்கி அளந்தபோது, இரும்பின் ஒளிபுகாமை கணக்கிட்டதைவிட அதிகமாக இருந்தது. என் பார்வையில் அந்தப் பக்கம்தான் பிழை இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் வழக்கு முடியவில்லை. நமக்கு மிக அருகில் உள்ள, மிக நன்றாகத் தெரிந்த மீனில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதே இன்னும் தகராறில் இருக்கிறது.

புள்ளியாகத் தெரிபவை

மற்ற மீன்கள் வெறும் புள்ளி. மேற்பரப்பைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. நுணுக்கமான பாங்குகள் ஒன்றையொன்று அழித்துவிட, பெரிய அசைவுகள் மட்டுமே மிஞ்சும். அதிர்ஷ்டவசமாக, ஆழத்துக்குப் போய் வருபவை அந்தப் பெரியவைதான்.

தரையிலிருந்து முதலில் பெரிய வெற்றி கிடைத்தது வெண்குறுமீன்களிலும் அவற்றின் முந்தைய நிலையில் உள்ள மீன்களிலும். 1989-இல் பிஜி 1159-035 என்ற மீனை, கண்டம் விட்டுக் கண்டம் கைமாற்றி 264 மணி நேரம் பார்த்தார்கள். அந்தச் சங்கிலியில் சவ்வாது மலையின் காவலூரும் ஒரு கண்ணி. நூற்றுக்கும் மேற்பட்ட அதிர்வெண்கள் அகப்பட்டன. அந்த மீனின் நிறை சூரியனில் 0.59 பங்கு, தன்னைத்தானே சுற்றும் காலம் 1.38 நாள் என்று அவற்றிலிருந்து தெரிந்தது. ஜி117-பி15ஏ என்ற வெண்குறுமீனை 1970-களிலிருந்தே விடாமல் பார்த்துவருகிறார்கள். 215 நொடிக்கு ஒருமுறை துடிக்கும் அதன் நேரம் பத்து லட்சம் ஆண்டுக்கு ஆறில் ஒரு நொடி வீதம் நீள்கிறது. அந்த மீன் ஆறிக்கொண்டிருப்பதை நேருக்கு நேர் அளந்த அளவு இது.

சூரியனைப் போன்ற மீன்களில் துடிப்பு மிகச் சிறியது. 2001-இல் ஆல்ஃபா சென்டாரியில் ஏழு நிமிடத் தாளத்தைத் தெளிவாகப் பிடித்தார்கள். பிறகு 2006-இல் பிரான்சின் கோரோ, 2009-இல் அமெரிக்காவின் கெப்ளர் என்று விண்வெளித் தொலைநோக்கிகள் போயின. இரண்டுமே கோள்களையும் தேடின. கோள் குறுக்கே வரும்போது மீன் சற்றே மங்குவதைக் கண்டுபிடிக்க வைத்த கண்ணுக்கு, மீனின் துடிப்பும் தெரிந்தது. அதிர்வெண்களின் இடைவெளியிலிருந்து மீனின் நிறையும் ஆரமும் சில விழுக்காட்டுத் துல்லியத்தில் வந்துவிடும். கோளின் அளவைத் தாய்மீனின் அளவை வைத்தே சொல்கிறோம் என்பதால், கோள் தேடுகிறவர்களுக்கும் இந்த வேலை இல்லாமல் முடியாது. கெப்ளர்-444 என்ற மீனைச் சுற்றி பூமியைவிடச் சிறிய ஐந்து கோள்கள் இருக்கின்றன. அந்த மீனின் வயது 1,120 கோடி ஆண்டு என்று 2015-இல் அதிர்வு சொன்னது. சூரியனைப்போல் இரண்டரை மடங்கு வயது. இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நிறையும் ஆரமும் ஏறக்குறைய நேரடி அளவுகள். வயது அப்படி அல்ல. அது மீன் எப்படி மூப்படைகிறது என்ற நம் கணக்கைச் சார்ந்தது. அந்தக் கணக்கு இடறும் இடங்களில் வயதும் இடறும்.

இன்னொரு மீன், கேஐசி 11145123. ஆரம் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர். அதன் நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட வெறும் 3 கிலோமீட்டர் அதிகம் என்று 2016-இல் அளந்தார்கள். வானத்தில் ஒரு புள்ளியாக மட்டுமே தெரியும் பொருளின் உருண்டைத்தன்மையைச் சென்னை மெரினா கடற்கரையின் நீளத்தைவிடக் குறைந்த அளவுவரை சொல்ல முடிகிறது என்பதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

செம்பெருமீனின் வயிறு

இந்தத் துறையின் உச்சம் எது என்று கேட்டால், தயங்காமல் செம்பெருமீன்கள் என்பேன். சூரியன் போன்ற மீன் மையத்து ஹைட்ரஜனைத் தீர்த்ததும், கருவம் சுருங்கி, வெளிப்பகுதி பல மடங்கு உப்பும். இனி உள்ளே இரண்டு கட்டங்கள்: செத்த கருவத்தைச் சுற்றி ஹைட்ரஜன் எரிவது, பிறகு கருவத்திலேயே ஹீலியம் எரியத் தொடங்குவது. வெளியே இரண்டும் ஒரே நிறம், ஒரே ஒளி. எத்தனை பெரிய தொலைநோக்கியாலும் வேறுபடுத்த முடியாது.

அடர்ந்த கருவத்தில் வேறு வகை அலை ஓடுகிறது. நீருக்குள் அமுக்கிய தக்கை மேலே வந்து, மிதந்து, ஆடுவதுபோன்ற மிதப்பலை. செம்பெருமீனில் வெளியே ஓடும் ஒலியலையும் உள்ளே ஓடும் மிதப்பலையும் கைகோத்துக்கொள்கின்றன. அதனால் கருவத்தின் செய்தி மேற்பரப்புவரை வந்துவிடுகிறது. 2011-இல் டிம் பெடிங் குழுவினர் கெப்ளர் தரவில் இதைப் படித்தார்கள். அந்தப் பாங்குகளின் நேர இடைவெளி சுமார் 50 நொடி என்றால் ஹைட்ரஜன் அடுக்கு எரிகிறது. 100 முதல் 300 நொடி என்றால் ஹீலியம் எரிகிறது. ஒரு மீனின் அடுப்பில் என்ன விறகு என்பதை வெளியிலிருந்தே கேட்டுச் சொல்லிவிடலாம்.

அடுத்த ஆண்டு பால் பெக் குழுவினர் சுழற்சியை அளந்தார்கள். ஆற்றோட்டத்தோடு போகும் படகுக்கும் எதிர்த்து வரும் படகுக்கும் வேகம் மாறுவதுபோல, சுழலும் திசையில் ஓடும் அலைக்கும் எதிர்த்திசையில் ஓடும் அலைக்கும் அதிர்வெண் பிரிகிறது. எவ்வளவு பிரிகிறது என்பதே சுழலும் வேகம். கருவம் மேற்பரப்பைப்போல் பத்து மடங்காவது வேகமாகச் சுற்றுகிறது என்று தெரிந்தது. சுருங்கும் பொருள் வேகமாகச் சுற்றும் என்பது தெரிந்ததே. பரதம் ஆடுகிறவர் சுழலும்போது கையை ஒடுக்கினால் வேகம் கூடும். ஆனால் கருவம் அவ்வளவு சுருங்கியதற்கு இந்த வேகம் மிக மிகக் குறைவு. காந்தப்புலத்தைச் சேர்க்காத கணக்குகள் இதைவிட நூறு மடங்கும் அதற்கு மேலும் சொல்கின்றன. காந்தப்புலத்தின் விளைவைச் சேர்த்த பிறகும் சுமார் பத்து மடங்கு இடிக்கிறது. அது மட்டுமல்ல; செம்பெருமீன் முதிர முதிரக் கருவம் சுருங்கிக்கொண்டே போகையில், அதன் சுழற்சி ஏறாமல் இறங்குகிறது. ஏதோ ஒன்று உள்ளிருந்து சுழற்சியை வெளியே கடத்துகிறது. அது எது என்று தெரியாமல், நாம் மீன்களின் முதுமையைப் பற்றி எழுதிய பல பக்கங்கள் முழுமையாகாது.

2022-இல் மூன்று செம்பெருமீன்களின் கருவத்தில் முப்பதாயிரம் முதல் ஒரு லட்சம் காஸ்வரை காந்தப்புலம் இருப்பதை அதிர்வெண்களின் கோணலிலிருந்தே அளந்துவிட்டார்கள். குளிர்பதனப்பெட்டியில் ஒட்டும் காந்தத்தைப்போல் பல நூறு மடங்கு. கருவம் வேகமெடுக்காமல் தடுப்பது எது என்பதற்கு இது துப்பாக இருக்கலாம்.

ஆதிரையும் மீராவும்

2020 பிப்ரவரியில் திருவாதிரை மங்கியபோது மொட்டைமாடியில் நின்று பார்த்தவர்களில் நானும் உண்டு. ஓரியன் வேட்டைக்காரனின் சிவந்த தோள் அது. எப்போதும் மறுதோளைவிட ஓங்கி நிற்கும். அந்த வாரம் இரண்டும் சமமாக இருந்தன. பக்கத்தில் ரோகிணி அதைவிடப் பளிச்சென்று எரிந்தது. மீன் வெளியே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி மறைத்ததே காரணம் என்று பிறகு நிறுவினார்கள். ஆனால் அதன் துடிப்பைப் பற்றிய தகராறு தொடர்கிறது. அதற்குச் சுமார் 400 நாள் தாளம் ஒன்றும் சுமார் 2,100 நாள் தாளம் ஒன்றும் உண்டு. நீண்ட தாளமே அடிப்படைத் துடிப்பு என்றால் மீன் மிகப் பெரியது, வெடிக்கும் நாளும் அருகில் என்று 2023-இல் ஒரு குழு எழுதியது. நேரடியாக அளந்த ஆரம் அவ்வளவு பெரிதாக இல்லை என்று மற்றவர்கள் மறுத்தார்கள். 2024-இல் இரண்டு குழுக்கள், நீண்ட தாளம் துடிப்பே அல்ல, சுற்றிவரும் துணை மீனின் வேலை என்றன. எது அடிப்படை ஓசை என்று தெரியாமல் பானையின் அளவைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

மீரா வகையின் நிலையும் அதேதான். நானூறு ஆண்டுகளுக்கு முன்பு முதலில் அகப்பட்ட இனம், இன்று மிகக் குறைவாகப் புரிந்த இனம். அவற்றின் உடம்பு முழுவதும் பெருங்கொதிப்பு. துடிப்பும் கொதிப்பும் ஒன்றையொன்று குலைக்கின்றன, விளிம்பு எது என்பதே மங்கலாக இருக்கிறது. ஒரு துடிப்புக்கு ஓராண்டு என்றால், ஒருவர் பணிக்காலம் முழுதும் பார்த்தாலும் முப்பது நாற்பது துடிப்புகள்தான். இவற்றுக்குப் பழைய பதிவேடுகளும் நீண்ட பொறுமையும் வேண்டும்.

2018-இல் ஏவிய டெஸ் விண்கலம் வானத்தைப் பட்டை பட்டையாகப் பார்த்துவருகிறது. பெரும்பகுதிக்கு ஒரு முறைக்கு ஒரு மாதம்கூடக் கிடைப்பதில்லை. பூமியின் சுற்றுப்பாதைத் தளத்துக்குச் செங்குத்தான தென்துருவத்தைச் சுற்றி, சுமார் 12 பாகை ஆரமுள்ள வட்டத்தை மட்டும் அது தென்வானம் பார்க்கும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய இடைவிடாமல் பார்க்கிறது. அந்த வட்டத்தின் மையத்திலிருந்து ஏறத்தாழ 10 பாகையில், நுங்கம்பாக்கத்திலிருந்து 1867-இல் ரகுநாதாச்சாரி கண்ட மீன் இருக்கிறது.